இலையின் நுனி இடப்பக்கம்

அம்மா இலை விரிக்கும்போதெல்லாம் நுனி இடப்பக்கம் வருகிறதா என்று பார்த்துக்கொள்கிறாள். பந்திக்கு இலை போட்டுப் பழகிய கை, ஆஸ்பத்திரிக் கட்டிலிலும் அதே கணக்கில்தான் போடுகிறது. அந்த இலையில் விழப்போவது நான் என்று சொல்லலாம். சொன்னால் உதட்டோரம் வெடிக்கும். அதனால் இடது தோளை முதலில் தூக்குகிறேன், பிறகு இடுப்பை, அம்மா பழைய இலையை உருவிப் புதியதை நுழைக்கிறாள், முதுகில் குளிர்ச்சி ஏறுகிறது, நாலைந்து நொடிக்கு உடம்பு என்று ஒன்று இல்லாமல் போகிறது. நாலைந்து நொடிதான். பிறகு இலையும் என் சூட்டுக்கு வந்துவிடும். துணியில் படுக்கவைத்தால் தோல் அதோடு ஒட்டி உரிந்து வருகிறது என்று வந்த அன்றே வாழையிலைக்கு மாற்றிவிட்டார்கள். துடைத்து, பாரபின் எண்ணெய் தடவி, பளபளப்பான பக்கம் மேலே. அம்மா விடிந்ததும் மார்க்கெட்டுக்குப் போய் ஒரு கட்டு வாங்கி வருகிறாள். நேற்று வந்தது கற்பூரவல்லி, இன்று பூவன். நடுநரம்பில் இளஞ்சிவப்பு ஓடுகிறதா என்று பார்த்தால் போதும், எனக்குத் தெரிந்துவிடும். தாவரவியல் படித்துவிட்டு இரண்டு வருடமாகத் திசு வளர்ப்புக் கூடம் ஒன்றில் வாழைக் கன்றுகளைப் பாட்டிலுக்குள் வளர்க்கிறேன். சுண்டுவிரல் நகம் அளவு துண்டிலிருந்து ஒரு தோட்டத்தையே கிளப்பிவிடலாம். அந்தத் தோட்டங்களில் எதிலிருந்தோ இந்த இலை வந்திருக்கலாம், நான் வெட்டிப் பிரித்த கன்றாகக்கூட இருக்கலாம், அப்படி நினைப்பதில் எந்தப் பிரயோஜனமும் இல்லை, ஆனால் கடிகாரம் ஒன்பது நாற்பதுதான் காட்டுகிறது. பதினொரு மணிக்கு வார்டு டாக்டர் ஷமீனா வருவார். அதற்குள் நான் ஒன்றைச் சொல்லத் தயாராக வேண்டும், அல்லது சொல்லாமல் இருக்கத் தயாராக வேண்டும்.

மின்விசிறிக்கு மூன்று இறக்கை, ஒன்றில் மட்டும் நெளிசல். சுற்றும்போது நெளிசல் தெரிவதில்லை, ஒரு டக் மட்டும் கேட்கிறது. வலியும் இருக்கிறது, ஆனால் பக்கத்து வீட்டில் ஓடுகிற டி.வி. மாதிரி, எந்நேரமும் ஓடுவதால் என்ன நிகழ்ச்சி என்று கவனிப்பதில்லை. விரல் நுனிகளில் எறும்பு ஊர்கிறது, அது கால்சியம் குறைந்ததால் என்றார்கள். முதலில் தொடைதான் சிவந்தது. சிவப்பின்மேல் ஊசிமுனை அளவில் வெள்ளையாக, கொஞ்சம் மஞ்சளாக, புள்ளிகள். அம்மா அவற்றை முத்து என்றாள். மறுநாள் முத்துகள் ஒன்றையொன்று தொட்டன, அதற்கு மறுநாள் எது எங்கே முடிகிறது என்றே இல்லை, மேல்தோலுக்குக் கீழே தட்டையாகச் சீழ் தேங்கி நின்றது. ஷமீனா டாக்டர் தன்னோடு வந்த மாணவர்களிடம் அதைக் காட்டி ஏரி என்றார். பாடப்புத்தகத்திலும் அப்படித்தான் எழுதியிருக்குமாம். ஏரி வற்றினால் தோல் சுட்ட அப்பளம் போல உரிகிறது, அடியில் புதுச் சிவப்பு, அந்தச் சிவப்பில் மறுபடி முத்து. இரண்டு தடவை பஞ்சுக் குச்சியில் தொட்டெடுத்துப் பரிசோதனைக்கு அனுப்பினார்கள். எதுவும் வளரவில்லை. ஒரு கிருமிகூட இல்லாத சீழ். இதைக் கேட்டபோது எனக்கு என்ன தோன்றியது என்றால், எங்கள் கூடத்தில் அத்தனை ஸ்பிரிட்டும் நெருப்பும் கையுறையும் வைத்துக்கொண்டு நாங்கள் பாடுபடுகிற சுத்தத்தை என் உடம்பு சும்மா படுத்தபடி சாதித்துவிட்டது. இதை யாரிடமாவது சொல்ல வேண்டும் போலிருந்தது. 

காலை எட்டரைக்குப் பெரிய டாக்டர் வந்தார். கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டு, தொடாமல் குனிந்து பார்த்தார். “முன்னால தோல்ல ஏதாச்சும் வந்திருக்கா? முழங்கால்ல, தலையில, செதில் செதிலா?” கேட்டது என்னைத்தான், அம்மாதான் பதில் சொன்னாள். “ஒண்ணுமில்லீங்க. சுத்தமான ஒடம்புங்க.” “மாத்திரை மருந்து?” “காய்ச்சலுக்கு ஒண்ணு குடுத்ததுதானுங்க.” கொஞ்சம் நிறுத்தி, “நாந்தான் குடுத்தேன்” என்றாள், அது டாக்டருக்குச் சொன்னது இல்லை. காய்ச்சல் மாத்திரை சாப்பிட்டது ஒரு நாள், மறுநாள் சீழ்ப் புள்ளி, கணக்குச் சரியாக வந்துவிட்டது. மருந்து ஒத்துக்கொள்ளாமல் வந்தது என்று முடிவு செய்து, மத்தியானத்திலிருந்து ஸ்டீராய்டு ஊசி என்று எழுதச் சொல்லிவிட்டு அவர் அடுத்த கட்டிலுக்குப் போனார். அம்மா அவர் பின்னாலேயே போய்க் கஞ்சிக்கு உப்புப் போடலாமா என்று கேட்டுக்கொண்டிருந்தாள். ஷமீனா டாக்டர் மட்டும் நின்றார். என் இடது கையை எடுத்து வெளிச்சத்துக்குத் திருப்பினார். நகங்களில் சின்னச் சின்னக் குழிகள், தையல்காரர் விரலில் மாட்டுகிற உறை மாதிரி. “இது எவ்வளவு நாளா இருக்கு?” நான் கையை இழுத்துக்கொண்டேன். அவர் கோபித்துக்கொள்ளவில்லை, குரலைத் தாழ்த்தினார். “மருந்து அலர்ஜின்னா இந்த ஊசி நல்லது, சுகந்தி. ஆனா உங்களுக்கு முன்னாலயே சோரியாசிஸ் இருந்து, அதுதான் இப்ப சீழ் வெச்சு உடம்பு முழுக்க வந்திருக்குன்னா, இது ரொம்ப அபூர்வமான வகை. ஊசி போட்டா ரெண்டு நாள் நல்லாத் தெரியும். நிறுத்தினதும் இதைவிட மோசமாத் திரும்பும். அப்ப காப்பாத்திடுவேன்னு என்னால சொல்ல முடியாது. சதை எடுத்து அனுப்பினதுக்கு ரிசல்ட் வர இன்னும் மூணு நாள் ஆகும். பதினொரு மணிக்கு வரேன். யோசிச்சு வைங்க.”

அப்போதே சொல்லியிருக்கலாம். வாய் திறந்தது. எனக்கு வாய் திறந்தபிறகு வார்த்தை வந்து சேர நேரமாகும், கல்லூரியில் வாய்மொழித் தேர்வின்போது தெரிந்த பதிலை வாயில் வைத்துக்கொண்டு மேஜைக்கு முன்னால் நின்று, வெளியே வந்து தண்ணீர்க் குழாயடியில் முழுசாகச் சொல்லிப் பார்த்திருக்கிறேன், ஒரு எழுத்துப் பிசகாமல். அந்தத் தேர்வில் நூற்றுக்கு நாற்பத்திரண்டு. இதில் என்ன மதிப்பெண் என்று தெரியவில்லை. மோசமாத் திரும்பும் என்றார். காப்பாத்திடுவேன்னு சொல்ல முடியாது என்றார். இரண்டு வாக்கியத்தையும் வரிசை மாற்றிச் சொல்லிப் பார்க்கிறேன், அப்போதும் ஒரே இடத்தில்தான் போய் நிற்கிறது. பயமாக இருக்கிறதா என்றால், இருக்க வேண்டும். வயிற்றுக்குள் எங்கோ ஒரு இடத்தில் இருக்கும், காய்ச்சல் இறங்கினால் தெரியும்.

சோரியாசிஸ் என்ற சொல் எனக்குப் புதிதில்லை. கல்லூரி கடைசி வருடம் முழங்காலில் வெள்ளி நிறச் செதிலாக ஆரம்பித்தது, பிறகு முழங்கை, காதுக்குப் பின்னால், தலை. நானே படித்துத் தெரிந்துகொண்டேன், மற்றவர்களுக்கு இருபத்தெட்டு நாளில் முற்றுகிற தோல் எனக்கு நாலு நாளில் முற்றிவிடுகிறது, அவ்வளவுதான், தொற்றாது. அது எனக்குத் தெரியும், பாட்டில்களுக்குத் தெரியாது. கூடத்தில் ஒவ்வொருவர் வரிசைக்கும் பெயர் ஒட்டியிருக்கும். என் வரிசையில் மட்டும் வாரத்துக்கு இருபது முப்பது பாட்டில் கெட்டது. தெளிவான ஜெல்லிமேல் வெள்ளையாகப் பூஞ்சை, பாலேடு போல. தலையுறைக்கு அடியில் தலையுறை போட்டேன். முழங்கை வரை உறை போட்டு உள்ளே வேர்த்து அரித்து, அரித்ததைச் சொறியாமல் இருக்கப் பெருக்கல் வாய்ப்பாடு சொன்னேன். ஒருநாள் மேற்பார்வையாளர் என் மேஜை முன் வந்து கருப்பு ரப்பர்த் தரையையே பார்த்துக்கொண்டு நின்றார். நாற்காலிக்கு அடியில் என் செதில்கள், தேங்காய்த் துருவல் கொட்டியது போல.  ஒரு துடைப்பத்தை எடுத்துவந்து சுவரோரம் சாய்த்துவிட்டுப் போனார். அன்று சாயந்தரம் பஸ் விட்டு இறங்கியதும் மெடிக்கல் கதிர்வேலுவிடம் போனேன். அவர் சீட்டு எதுவும் கேட்கவில்லை, கையை நீட்டச் சொல்லிப் பார்த்துவிட்டு உள்ளே போய், பெயர் இருக்கிற பக்கத்தைக் கிள்ளி எறிந்த அட்டையிலிருந்து வெள்ளை மாத்திரைகளை உதிர்த்துக் காகித உறையில் போட்டுக் கொடுத்தார். “மொதல்ல நாலு, அப்பறம் ரெண்டு. பத்து நாள்ல ஓடிரும் பாரு.” நாக்கில் பட்டால் வேப்பங்கொட்டையைக் கடித்த மாதிரி கசந்தது. பத்து நாளில் ஓடிவிட்டது. அது ஓடியபிறகுதான் நெட்டில் தேடி அது ஸ்டீராய்டு என்று தெரிந்துகொண்டேன். தெரிந்தபிறகும் தின்றேன். பாட்டில்கள் தெளிந்திருந்தன.

சிக்கல் அந்தப் பத்து நாளில்தான் இருக்கிறது. திரும்பத் திரும்ப அங்கேயே வந்து துணி ஆணியில் மாட்டுவது போல மாட்டிக்கொள்கிறேன். எங்கள் ஊர் மாரியம்மன் கோயிலில் திருவிழாவுக்காக மூன்று கிளையுள்ள மரக் கம்பம் நட்டிருந்த சமயம் அது. நட்ட நாளிலிருந்து பதினைந்து நாள், விடிவதற்குள் பெண்கள் தலைக்குக் குளித்து ஈரச் சேலையோடு போய்க் கம்பத்துக்குத் தண்ணீர் ஊற்றுவார்கள். அம்மா பதினைந்து நாளும் ஊற்றினாள், எனக்காக என்று வேண்டிக்கொண்டு. நான் அந்தப் பதினைந்து நாளும் அடுப்படியில் டீயைக் குடித்துவிட்டு, மாத்திரையை உள்ளங்கையில் வைத்து, அவள் குடத்தோடு திரும்பிவருகிற சத்தம் கேட்பதற்குள் விழுங்கினேன். திருவிழா முடிந்து கம்பம் பிடுங்கிய அன்று அம்மா என் பாவாடையை முழங்காலுக்குமேல் தூக்கிப் பார்த்துவிட்டு, பார்த்தபடியே தரையில் உட்கார்ந்துவிட்டாள். வழவழவென்று இருந்தது. “எடுத்துட்டாளே சாமி” என்றாள். அப்போது சொல்லியிருக்கலாம். அப்போதும் வாய் திறந்தது. பிறகு ரேஷன் கடையில், பஸ்ஸில், கல்யாண வீட்டில் எல்லாம் என் முழங்கால் கதை போனது. கீழ்த்தெரு சம்பூர்ணம் அக்கா தன் பையனின் வெண்புள்ளிக்காக இந்த வருடம் பூவோடு எடுக்கிறாள், நெருப்புச் சட்டியைக் கையில் ஏந்தி, என் முழங்காலை நம்பி. இங்கே ஆஸ்பத்திரியில் அம்மா ஒண்ணுமில்லீங்க என்று சொல்வது வெட்கப்பட்டு இல்லை. ஆத்தா எடுத்துக்கொண்டுபோனதை நம் வாயால் இருந்தது என்று சொன்னால், எடுத்தவளையே குறை சொன்ன மாதிரி, அது திரும்பி வந்துவிடும். அதனால் அந்த நோய்க்கு எங்கள் வீட்டில் இப்போது பெயரே கிடையாது. வரவே இல்லை. சுத்தமான உடம்பு.

இந்த வருடம் காப்புக் கட்டுவதற்கு முந்தின ராத்திரி அம்மா சொன்னாள், நேர்த்திக்கு நானும் பூவோடு எடுக்க வேண்டும், பதினைந்து நாள் விரதம். நான் யோசித்தேன். படித்தது அப்படித்தான், இரண்டு காரணம் சேர்ந்திருந்தால் ஒன்றை நிறுத்திப் பார். ஆத்தாதான் எடுத்தாள் என்றால் மாத்திரை இல்லாவிட்டாலும் வராது. அம்மா சொன்னது உண்மையாகிவிடும், நான் சொல்ல வேண்டியதே இல்லாமல் போய்விடும். எவ்வளவு நன்றாக இருந்தது அந்த யோசனை. அதில் விஞ்ஞானமும் இருந்தது, பக்தியும் இருந்தது, சோம்பேறித்தனமும் இருந்தது. காலையில் இடது மணிக்கட்டில் மஞ்சள் கயிற்றைக் கட்டிக்கொண்டு வந்து, மிச்ச மாத்திரைகளைக் கழிப்பறையில் கொட்டித் தண்ணீர் ஊற்றினேன். ஐந்தாம் நாள் காய்ச்சல். அம்மா ஒரு காய்ச்சல் மாத்திரை வாங்கிக் கொடுத்தாள், விரதத்தில் மருந்து ஆகாது என்று தயங்கித் தயங்கித்தான் கொடுத்தாள். ஆறாம் நாள் முத்து. ஆத்தாவே வந்திருக்கிறாள் என்று வாசலில் வேப்பிலை செருகினாள், தாளிப்பை நிறுத்தினாள், என்னை வேப்பிலைமேல் படுக்கவைத்து மஞ்சளும் வேப்பிலையும் அரைத்துத் தடவினாள். கம்பம் நட்டிருக்கையில் ஊர் எல்லை தாண்டி வெளியே ராத்தங்கக் கூடாது, அதனால் ஆஸ்பத்திரி என்ற பேச்சே இல்லை. ஒன்பதாம் நாள் நான் அம்மாவிடம் பாட்டிலை மூடு, பாட்டிலை மூடு என்று பேசிக்கொண்டே இருந்தேனாம். அப்போதுதான் வேன் வந்தது. எல்லை தாண்டும்போது அம்மா வேனை நிறுத்தச் சொல்லி, இறங்கி, ரோட்டில் விழுந்து கும்பிட்டாள். எனக்கு நினைவிருப்பது அவள் நெற்றியில் ஒட்டியிருந்த ஒரு சிறு ஜல்லிக்கல் மட்டும். வார்டு வரைக்கும் அது ஒட்டியிருந்தது.

“ஏனுங் ருக்குமணி, நீங்க இலை வாங்கற வேகத்தப் பாத்தா பொழுதோட பந்தி வெச்சுருவீங்க போல. எனக்கும் ஒண்ணு போடுங்க, சாம்பார் இல்லாட்டியும் பரவால்ல, ரசம் போதும்.” பக்கத்துக் கட்டில் செல்லாயி அக்கா. கட்டட வேலையில் சிமென்ட் பட்டு இரண்டு கையும் வெடித்துப் புண்ணாகி மூன்று வாரமாக இருக்கிறாள், இந்த வார்டில் அவளுக்குத் தெரியாத சங்கதி இல்லை. அம்மாவுக்குச் சிரிப்பு வந்து உதட்டோடு நின்றுவிட்டது. “உங்களுக்கு வாய்ல புண்ணு வந்திருக்கோணும்ங்க” என்றாள். “வந்தா மட்டும் பேச்சு நிக்குமாக்கும்” என்றாள் செல்லாயி அக்கா. எப்சிபா சிஸ்டர் டிரேயோடு வந்தார், நாகர்கோவில் பக்கம், நடையிலேயே அவசரம். காலில் டிரிப் ஏற்றியிருந்த இடம் வீங்கிவிட்டது, புது நரம்பு வேண்டும். வலது கையைத் திருப்பினார், கணுக்காலைத் திருப்பினார், எங்கே பார்த்தாலும் ஏரி. இடது மணிக்கட்டில் காப்புக் கயிற்றுக்கு அடியில் மட்டும் ஒரு கைக்கடிகார அகலத்துக்குத் தோல் தோலாகவே இருக்கிறது, நீலமாக ஒரு நரம்பு ஓடுகிறது. “இத வெட்டிட்டா ஒரே குத்துல ஏத்திருவேன்.” “கத்திரி படக்கூடாதுங்க சிஸ்டர். அந்த எடத்துல மட்டும் வரல பாருங்க, அவ காவல் இருக்கறா. கம்பம் புடுங்க இன்னும் மூணு நாள்தானுங்க.” “கம்பம் புடுங்குத வரைக்கும் நரம்பு காத்திருக்குமாம்மா? மத்தியானம் ஊசி போடணும், எங்க போடச் சொல்லுதீங்க, கட்டில் காலுலயா?” அம்மா கயிற்றின்மேல் கையை வைத்து மூடிக்கொண்டாள். பதினொரு மணிக்குத் திரும்பி வருவதாகச் சொல்லி சிஸ்டர் போனார். எல்லாரும் பதினொரு மணிக்குத்தான் வருகிறார்கள்.

அம்மா இல்லாத நேரத்தில் சொல்லிவிடலாம். இது ஒன்றும் கஷ்டமில்லை. டாக்டர் அதை ஆங்கிலத்தில் எழுதிக்கொள்வார், அம்மாவுக்குப் படிக்கத் தெரியாது. ஊசி மாறும், வேறு மருந்து வரும், நான் தேறுவேன், அம்மாவுக்கு அவள் ஆத்தாவும் மிஞ்சுவாள். முழங்கால் கதை முழங்கால் கதையாகவே இருக்கும். யாருக்கும் நஷ்டமில்லாத ஏற்பாடு. பத்தே முக்காலுக்கு உதட்டை நனைத்துக்கொண்டு, வெந்நீர் வேண்டும் என்றேன். கேன்டீன் கீழே, படி இறங்கி, வரிசையில் நின்று வர அரை மணி நேரமாவது ஆகும். அம்மா பிளாஸ்க்கை எடுத்துக்கொண்டு போனாள், போகும்போது என் கால்மாட்டில் இலை மடங்கியிருந்ததை நீவிவிட்டுப் போனாள். கடிகாரத்தில் பெரிய முள் நகர்வது தெரியவில்லை, நகர்ந்தபிறகு நகர்ந்திருப்பது தெரிகிறது. வாக்கியத்தைத் தயார் செய்தேன். டாக்டர், முன்னால் எனக்கு. இல்லை, மேடம், போன வருஷம். இல்லை. முழங்காலில் என்றுதான் தொடங்க வேண்டும். விசிறி டக் என்றது. பதினொன்று ஆகியது. பதினொன்று ஐந்து. வாசலில் வெள்ளைக் கோட்டு தெரிந்தது, வேறு யாரோ. ஷமீனா டாக்டர் வருவதற்குள் அம்மா வந்துவிட்டாள், வரிசையில் அவளுக்கு யாரோ வழி விட்டிருக்கிறார்கள்.

அம்மா வெந்நீரில் துணியை முக்கிப் பிழிந்து, ஆறவிட்டு, என் உதட்டோரத்தை ஒற்றி எடுத்தாள். மெதுவாகத்தான் பேசினாள், செல்லாயி அக்காவுக்குக் கேட்கக்கூடாது என்று. “கீழ வரிசைல நிக்கறப்ப வேண்டிக்கிட்டேன் கண்ணு. அந்த மாத்திரையக் குடுத்தது நாந்தானே. விரதத்துல இருக்கற புள்ளைக்கு. அவ கோவிச்சுக்கிட்டா. அடுத்த வருசம் நாக்குல அலகு குத்திக்கறேன்னு சொல்லியிருக்கறேன். உன்னய உட்டுட்டான்னா.” துணி அடுத்த உதட்டோரத்துக்குப் போனது. அலகு என்பது வேல் மாதிரி ஒரு வெள்ளிக் கம்பி. சின்ன வயதில் ஒருவர் நாக்கில் அதைச் செருகுவதைப் பக்கத்தில் நின்று பார்த்திருக்கிறேன். ரத்தம் வரவில்லை, நாக்கு மட்டும் வெளியே வந்து, தன்னுடையது இல்லாத ஒன்றைப் போல நடுங்கிக்கொண்டிருந்தது. அம்மாவின் நாக்கை நினைத்துப் பார்த்தேன். வெற்றிலை போடாத, வெளிறிய நாக்கு. அது நான் விழுங்கிய மாத்திரைகளுக்காகக் குத்தப்படும். முந்நூறு நாளுக்குமேல் விழுங்கியிருக்கிறேன். யாருக்கும் நஷ்டமில்லாத ஏற்பாடு என்று இருபது நிமிஷம் முன்னால் நான் நினைத்ததை விசிறிக்கடியில் படுத்தபடி மறுபடி பார்த்தேன். பாட்டிலைத் தூக்கி வெளிச்சத்தில் பார்ப்பது போலப் பார்த்தேன். கெட்டிருந்தது.

பதினொன்று பத்துக்கு ஷமீனா டாக்டர் வந்தார், பின்னாலேயே டிரேயோடு சிஸ்டர். டாக்டர் கட்டிலோரம் நின்றார், அம்மாவைப் பார்த்தார், பிறகு அவளைப் போகச் சொல்லாமல் என்னைப் பார்த்தார். “என்ன சுகந்தி?” தயார் செய்து வைத்த வாக்கியம் எதுவும் இல்லை. “முழங்கால்ல இருந்துச்சு” என்றேன். குரல் எனக்கே புதிதாக இருந்தது, உதடு வெடித்தது, உப்பாக ஏதோ உள்ளே வந்தது. “கையில, தலையில. சோரியாசிஸ். போன வருஷம் மெடிக்கல்ல மாத்திரை வாங்கித் தின்னேன். ஸ்டீராய்டு. ஒரு வருஷம் முழுக்க.” அம்மாவின் கையில் இருந்த துணியிலிருந்து தண்ணீர் என் தோளில் சொட்டியது. ஒன்று. இரண்டு. “தினமுமா?” என்றார் டாக்டர். “தினமும். காப்புக் கட்டின அன்னிக்கு நிறுத்திட்டேன்.” “கொஞ்சம் கொஞ்சமாக் குறைச்சா?” “இல்ல. எல்லாத்தையும் கொட்டிட்டேன்.” டாக்டர் கண்ணை ஒரு தடவை மூடித் திறந்தார். திட்டுவார் என்று காத்திருந்தேன், அவர் கேஸ் ஷீட்டை எடுத்து, காலையில் எழுதியிருந்த ஒரு வரியைக் குறுக்கே அடித்தார். பேனா காகிதத்தில் ஓடுகிற சத்தம் எனக்குப் பிடிக்கும். “சார்கிட்ட நான் பேசிக்கறேன். ஸ்டீராய்டு ஊசி வேண்டாம் சிஸ்டர். கால்சியம் மட்டும் இப்ப ஏத்துங்க, கிட்னி, லிவருக்கு ரத்தம் எடுத்து அனுப்புங்க. வேற மருந்து இருக்கு, ரத்த ரிசல்ட் பாத்துட்டுச் சாயந்தரமே ஆரம்பிக்கலாம். வாரக்கணக்கா ஆகும் சுகந்தி. மறுபடியும் வராதுன்னு சத்தியம் பண்ண மாட்டேன். ஆனா இந்தத் தடவை இறங்கும்.” பிறகு அம்மா பக்கம் திரும்பி, ஒவ்வொரு சொல்லாகச் சொன்னார். “அம்மா, நீங்க குடுத்த காய்ச்சல் மாத்திரையால இது வரலை. தெரியுதா? உங்களால இல்லை.”

அம்மா டாக்டரைப் பார்க்கவில்லை. என்னையும் பார்க்கவில்லை. என் முழங்காலைப் பார்த்துக்கொண்டிருந்தாள், அங்கே இப்போது முழங்கால் என்று பிரித்துச் சொல்ல எதுவும் இல்லை. செல்லாயி அக்கா சுவர் பக்கம் திரும்பிப் படுத்தாள். டாக்டர் போனார். சிஸ்டர் டிரேயை வைத்துவிட்டு, இந்த முறை கத்திரியை எடுக்காமல் சும்மா நின்றார். கட்டிலுக்கடியில் கிடந்த பழைய இலையை அம்மா குனிந்து எடுத்தாள், நாலாக மடித்தாள், சாப்பிட்டு முடித்தவர்கள் மடிப்பது போல தன் பக்கமாக, வாளியில் போட்டாள், கையைக் கழுவினாள், முந்தானையில் துடைத்தாள். இதற்கெல்லாம் எவ்வளவு நேரம் ஆனது என்று கடிகாரத்தைப் பார்த்திருக்கலாம், பார்க்கவில்லை. பிறகு என் இடது கையைத் தூக்கினாள். கயிற்றின் முடிச்சு மஞ்சளும் எண்ணெயும் ஏறி இறுகியிருந்தது, நகத்துக்கு நெகிழவில்லை. இரண்டு தடவை முயன்றாள். பிறகு குனிந்து முடிச்சைப் பல்லால் கடித்தாள். காப்புக் கட்டிய இந்தப் பன்னிரண்டு நாளில் யாருடைய முகமும் என் தோலுக்கு இவ்வளவு பக்கத்தில் வந்ததில்லை. மூச்சு சூடாகப் பட்டது, மூக்குத்தியின் குளிர்ந்த புள்ளி ஒன்று மணிக்கட்டில் பட்டு நகர்ந்தது. முடிச்சு விட்டது. கயிற்றை எடுத்து முந்தானை ஓரத்தில் வைத்து முடிந்துகொண்டு கையை சிஸ்டரிடம் கொடுத்தாள். ஊசி ஏறியது, ஒரே குத்து, அவர் சொன்னபடியே.

“வருஷம் முழுக்க வெறும் வயித்துலயா தின்னே?” என்றாள் அம்மா.

“டீ குடிச்சுட்டு.”

“டீ மட்டுமா?”

“டீ மட்டும்.”

அம்மா மேலும் ஏதோ சொல்ல வாயைத் திறந்தாள். பல்லிலும் நாக்கு நுனியிலும் மஞ்சள் ஒட்டியிருந்தது.